ஒரு பொத்தான் குறைகிறது

ஒரு பொத்தான் குறைந்தது.

டப்பாவைக் கவிழ்த்து அடியில் தட்டிப் பார்த்தாள். இரண்டு கொக்கியும் ஒரு துண்டு நூலும்தான் விழுந்தன. சமையலறைத் தரையில் அவள் ஏற்கெனவே வைத்திருந்த பொத்தான்கள், ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று கோட்டுப் பொத்தான் என்று, அழைப்பில்லாமல் வந்த விருந்தாளிகள் போல அங்கங்கே உட்கார்ந்திருந்தன. குறுக்கே ஒன்றும் நெடுக்கே ஒன்றுமாக நீல நிற டேப் ஒட்டியிருந்தது.

"என்னங்க, கொஞ்சம் இப்படி வந்துட்டுப் போங்க."

வந்தார். வேலை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. டைல்ஸ் போடுவது அவர் தொழில். உடன் வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் ரசமட்டம். தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க, உள்ளே ஒரு நீர்க்குமிழி ஓடும் கட்டை இருக்குமே, அது. சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்கூட அதை வைத்துப் பார்ப்பார் என்று ஊரில் ஒரு வதந்தி உண்டு. அது வதந்தி இல்லை.

"என் தரையில எதுக்கு டேப்பு?" என்றார் ரசமட்டம்.

"கிராஃப் தாள்ல கட்டம் பொடிசா இருக்கு, கண்ணு தெரியல. இங்க ஒரு டைல் ஒரு கட்டம். கோணலே இல்லாத கிராஃப் தாள் வேற எந்த வீட்டுல இருக்கும், சொல்லுங்க."

கோபம் பாதி வழியில் நின்றுவிட்டது. முப்பது வருஷக் குடித்தனத்தில் அவரை எங்கே தட்டினால் எங்கே சாய்வார் என்று அவளுக்குத் தெரியும்.

சின்ன வயதில் விட்டுப்போன பத்தாம் வகுப்பை எழுதி முடிக்க அவள் மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். வரலாறு வந்துவிட்டது, அறிவியல் வந்துவிட்டது. கணக்கிலும் எல்லாம் வந்துவிட்டது. ஒன்றே ஒன்று வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்றது. இருபடிச் சமன்பாட்டின் வளைவு. அது ஏன் கீழே போகிறது, போனது ஏன் அப்படியே போகாமல் திரும்பி மேலே ஏறுகிறது என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. வாரக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"அசையாம நில்லுங்க" என்றாள். கையில் சின்னக் கத்தரிக்கோல். அவர் என்ன ஏது என்று கேட்பதற்குள் சட்டையின் மூன்றாவது பொத்தான் அவள் உள்ளங்கையில் இருந்தது.

"ஏய், போட்டிருக்கிற சட்டை."

"நாளைக்குத் தைச்சுத் தரேன். உங்க நீள ஸ்கேலையும் வெச்சிட்டுப் போங்க."

குளித்துவிட்டு அவர் திரும்பியபோது அவள் தரையிலிருந்து கையை ஊன்றி எழுந்துகொண்டிருந்தாள். ஒரு பக்கக் கன்னம் முழுக்கத் தூசி.

"என்ன, தரைக்கு முத்தம் குடுத்தியா?"

"புரிஞ்சிடுச்சுங்க."

"எது?"

"வளைவு. எல்லாமே புரிஞ்சிடுச்சு." அவள் சிரித்த சிரிப்பில் தூசிக் கன்னம் மடிந்தது.

அவர் தரையைப் பார்க்கவில்லை. துண்டின் நுனியால் அந்தக் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "சாப்பாடு?" என்று கேட்டார்.

"அதுவும் வரும்."

வந்தது. சாப்பிட்டார்கள். படுத்தார்கள்.

விடிவதற்குள் அவளுக்கு நெஞ்சில் வலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவர் கையைப் பிடித்தபடி இருந்தாள். அதன் பிறகு பிடிக்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வீடு நிறைய ஆட்கள். எல்லாம் முடிந்து, எல்லாரும் போன பிறகு, அவர் வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, "அவ வெச்ச பொத்தானெல்லாம் எங்க?" என்பதுதான்.

"எல்லாம் இருக்கு. நீ போய் முதல்ல தலைக்குத் தண்ணி ஊத்து" என்று அவருடைய அக்கா அவரைக் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

குளித்துவிட்டு வந்து சமையலறை வாசலில் நின்று பார்த்தார். பொத்தான்கள் இருந்தன. அவருடைய சட்டைப் பொத்தானை மட்டும் காணவில்லை. கையிலேயே வைத்திருந்திருப்பாள், ஆஸ்பத்திரியில் எங்காவது விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். நீள ஸ்கேல் ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது. எடுத்துப் பைக்குள் வைத்தார்.

"இதை யாரும் தொடக் கூடாது" என்றார்.

அக்கா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அக்காவின் வாய் அப்படித் தானாக மூடியதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

* * *

மழை முடிந்து வெயில் வந்தது. பொத்தான்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

இரண்டு தெரு தள்ளியிருந்த அக்கா தினமும் வந்து சமைத்தாள். சமைத்தாள் என்று சொல்வதைவிட, கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்று சமைத்தாள் என்று சொல்ல வேண்டும். அடுப்புக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் மஞ்சள் பொத்தான். குழாய்க்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் கோட்டுப் பொத்தான்.

"இது அடுப்படியாடா, இல்ல பாண்டி விளையாடற இடமா? கூட்டி எடுத்து ஒரு டப்பாவுல போட்டு வெக்கலாம். டப்பாவைக் கும்பிட்டுக்க."

"வேணாம்."

"அந்தச் சட்டையையாவது குடு. ஒரு பொத்தான் வெச்சுத் தரேன். உள் பனியன் தெரியுது."

"அவ தைக்கிறேன்னு சொல்லியிருக்கா."

அக்கா குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினாள்.

இப்படியே போயிருக்கும். மாடி வீட்டு வக்கீலின் ஃப்ரிட்ஜ் கெட்டுப்போகாமல் இருந்திருந்தால்.

வக்கீல் ஒரு தண்ணீர் பாட்டிலோடு கீழே வந்தார். "ரெண்டே நாள் உங்க ஃப்ரிட்ஜுல இருக்கட்டும். குளிர்ந்த தண்ணி இல்லாம எனக்கு வாதமே வராது" என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் கால் வைத்தார்.

"பாத்து" என்றார்கள் தம்பியும் அக்காவும் ஒரே நேரத்தில்.

வக்கீல் ஒரு காலைத் தூக்கியபடி குனிந்து பார்த்தார். "என்ன இது?"

"இருபடிச் சமன்பாட்டோட வளைவு" என்றார் ரசமட்டம். அந்த வார்த்தைகளைச் சொல்லும்போது அவருக்குள் ஒரு பெருமை. "எங்க வீட்டம்மா வெச்சது. அன்னிக்கு சாயங்காலம் புரிஞ்சிடுச்சுன்னு சொன்னா."

வக்கீல் தூக்கிய காலை இறக்காமல் தலையைச் சாய்த்துப் பார்த்தார். அவர் பத்தாம் வகுப்பில் கணக்கில் நூறு வாங்கியவர். அதற்குப் பிறகு அதைச் சொல்லிக்காட்ட இப்படி ஒரு சந்தர்ப்பம் வாய்த்ததே இல்லை.

"தப்பா இருக்கே."

"என்ன தப்பு?"

"பாருங்க. அடியில மூணு பொத்தான் ஒரே கோட்டுல படுத்திருக்கு. இருபடி வளைவு எங்கேயும் நேரா படுக்காது. அப்புறம், இந்தப் பக்கம் நிமிர்ந்து ஏறுது, அந்தப் பக்கம் சரிஞ்சு கிடக்கு. வளைவுன்னா கண்ணாடில பாத்த மாதிரி ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். இது பல்வலிக்காரன் சிரிச்ச மாதிரி இருக்கு."

"அவ சரியாத்தான் வெச்சிருப்பா, வக்கீல் சார். உங்களுக்கென்ன தெரியும், பாட்டிலை வெச்சிட்டுக் கிளம்புங்க" என்றாள் அக்கா. குரல் கொஞ்சம் அதிகமாகவே ஏறியது.

வக்கீல் போய்விட்டார். சொல் போகவில்லை.

ரசமட்டம் சமையலறை வாசலிலேயே உட்கார்ந்தார். வீட்டில் எல்லாம் போய்விட்ட பிறகு அவரிடம் மிச்சமிருந்தது ஒரு வார்த்தைதான். புரிஞ்சிடுச்சு. தூசிக் கன்னத்தோடு அவள் சொன்ன வார்த்தை. அவள் எதைச் செய்யாமல் போயிருந்தாலும், எந்தப் பரீட்சையை எழுதாமல் போயிருந்தாலும், அந்த ஒன்றை முடித்துவிட்டுப் போனாள் என்பதைத்தான் அவர் தினமும் ராத்திரி தலைக்கு வைத்துப் படுத்தார். இப்போது நூறு மார்க் வாங்கின ஒருவர் வந்து தலையணையை உருவிவிட்டார்.

அவள் தப்பாக வைத்திருக்க மாட்டாள். அப்படியானால் பொத்தான்கள் நகர்ந்திருக்க வேண்டும். பொத்தான்கள் நகர்ந்தால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்.

எழுந்து போய்ப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துவந்தார்.

"என்னடா பண்றே?"

"தரை சரிஞ்சிருக்கும்கா. அதான் எல்லாம் உருண்டுபோயிருக்கு."

ஒவ்வொரு டைலாக வைத்துப் பார்த்தார். நெடுக்கே வைத்தார், குறுக்கே வைத்தார், மூலைக்கு மூலை வைத்தார். வைத்த இடத்திலெல்லாம் நீர்க்குமிழி நடுக்கோட்டுக்குள் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தது. தான் போட்ட தரை மட்டமாக இருக்கிறதே என்று வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வருத்தப்பட்டார்.

அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் அக்கா, "எலி இழுத்திருக்கும்" என்றாள்.

"எலியா?"

"எலிதான். பொத்தான்னா எலிக்கு உசிரு."

அவள் அதைச் சொன்ன வேகத்தில் அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நம்ப வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டவனுக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்? அன்றைக்கே எலிப்பொறி வாங்கிவந்தார். பொத்தானுக்குப் பொத்தான் இடையில் வைத்தார். மறுநாள் பொறி வசமாக மாட்டியதைப் பிடித்தது. தண்ணீர் பாட்டிலை எடுக்க வந்த வக்கீலின் வலதுகால் கட்டைவிரலை.

"நான் வழக்குப் போடுவேன்" என்றார் வக்கீல், நாற்காலியில் காலை நீட்டியபடி.

"போடுங்க" என்றார் ரசமட்டம், விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே. "ஆனா வளைவு சரின்னு ஒத்துக்கிட்டுப் போடுங்க."

"விரலையே எடுத்தாலும் ஒத்துக்க மாட்டேன். கணக்கு கணக்குதான். நம்பிக்கை இல்லைன்னா அந்த மாலை வகுப்பு டீச்சரைப் போய்க் கேளுங்க."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. இனி பூதத்தையே போய்க் கேட்பதென்று முடிவாயிற்று.

* * *

டீச்சர் சின்னப் பெண். அவர் காகிதத்தில் வரைந்து காட்டிய பொத்தான்களை நெடுநேரம் பார்த்தாள். வெளியே மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன.

"ஐயா, இது..." என்று இழுத்தாள். "பாதி சரி."

அந்தக் குரல் அவருக்குத் தெரியும். வாடிக்கையாளர் வீட்டில் கோணலாகப் போட்ட தரையைப் பார்த்துவிட்டு, போட்டவன் பக்கத்திலேயே நிற்கும்போது அவரே பயன்படுத்தும் குரல்.

"அவ எங்க உக்காருவா?"

"நாலாவது பெஞ்சு. ஜன்னல் பக்கம்."

போய் உட்கார்ந்தார். பெஞ்சு லேசாக ஆடியது. ஒரு காகிதத்தை மடித்துக் காலுக்குக் கீழே கொடுத்தார். நின்றது.

"எனக்குச் சொல்லிக் குடுங்க, டீச்சர். நானே பாத்துக்கறேன். சரியோ தப்போ, இன்னொருத்தர் வாயால எனக்கு வேணாம்."

"அம்மாவுக்கு நான் குடுத்த கணக்கு எனக்கு ஞாபகம் இருக்கு. பெஞ்சுக்கு ஒரு எண் குடுத்தேன். நாலாவது பெஞ்சுக்கு நாலு. எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் நாலு."

"அதை வெச்சே ஆரம்பிங்க."

ஆரம்பித்தார்கள். எக்ஸ் என்பது டேப்பிலிருந்து இடமோ வலமோ எத்தனை டைல் நகர்கிறோம் என்பது. அதை அதாலேயே பெருக்கி, நாலைக் கழித்தால், மேலோ கீழோ எத்தனை டைல் என்று வந்துவிடும். இவ்வளவுதானா என்று நினைத்தார். இவ்வளவுதான் இல்லை என்று அடுத்த நாளே தெரிந்தது.

வலப்பக்கம் ஒழுங்காக வந்தது. இடப்பக்கம் போனதும் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி வந்து ஒட்டிக்கொண்டது. மைனஸ் மூன்றை மைனஸ் மூன்றால் பெருக்கினார். மைனஸ் ஒன்பது என்று எழுதினார். அதில் நாலு போனால் மைனஸ் பதின்மூன்று. வீட்டுக்குப் போய் டைல்களை எண்ணிப் பார்த்துவிட்டு வந்து கையைத் தூக்கினார்.

"டீச்சர், இந்தக் கணக்குப்படி ஒரு பொத்தான் சமையலறையைத் தாண்டி எங்க கூடத்து சோபாவுக்கு அடியில இருக்கணும்."

"இருந்துச்சா?"

"பழைய பேனா ஒண்ணு இருந்துச்சு."

பக்கத்து பெஞ்சில் இருந்த, அழகு நிலையத்தில் முடி வெட்டும் பெண், வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மைனஸை மைனஸால பெருக்கினா பிளஸ், ஐயா."

"அது எப்படி? பள்ளத்துக்குள்ள இன்னொரு பள்ளம் தோண்டினா மேடாவா ஆகும்?"

"ஒரு டைலைக் கவுத்துப் போடுங்க."

"சரி. அடிப்பக்கம் தெரியுது."

"திரும்பக் கவுத்துப் போடுங்க."

அவர் கை காற்றில் ஒரு டைலைத் திருப்பியது. அப்படியே நின்றது.

"மேல்பக்கம் தெரியுது" என்றார் மெதுவாக. "நல்லாச் சொன்னீங்க."

"நான் சொன்னதில்ல, ஐயா. இந்த வகுப்புக்கே அம்மா சொன்னது. எங்க வீட்டுக்காரர் டைல்ஸ் போடறவர், அதனால எனக்கு இப்படித்தான் புரியும்னு எழுந்து நின்னு சொன்னாங்க. இப்ப எல்லா வகுப்புலயும் நான் அதைத்தான் சொல்றேன்."

ரசமட்டம் சிறிது நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஒரு சுவர், அதுவும் பூச்சு சரியில்லாத சுவர்.

அடுத்த சிக்கல் புள்ளிகளைச் சேர்ப்பதில் வந்தது. நீள ஸ்கேலை வைத்துப் புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு இழுத்தார்.

"வளைஞ்சு போகணும், ஐயா."

"வளையக் கூடாதுன்னே முப்பது வருஷம் வேலை பாத்த கை, டீச்சர். கேக்க மாட்டேங்குது."

"ஸ்கேலைக் கீழ வைங்க. மேல இருந்து வாங்க. கீழ வர வரக் கொஞ்சம் கொஞ்சமா வேகத்தைக் குறைங்க. அடியில வந்ததும் நிக்காம அப்படியே திரும்பி ஏறுங்க."

மூன்று தாள் கிழிந்தது. நாலாவதில் கை தானாகத் திரும்பியது.

"அந்த அடிக்குக் கீழ போகவே போகாதா?" என்று கேட்டார்.

"போகாது. எக்ஸுக்கு எந்த எண்ணை வேணா குடுத்துப் பாருங்க. மைனஸ் நாலுக்குக் கீழ இதுல இடமே இல்லை."

"நல்லது" என்றார்.

அன்றைக்குத் தான் வரைந்த வளைவின் பக்கத்தில், வீட்டுத் தரையில் இருந்ததைப் பார்த்து வரைந்த பழைய காகிதத்தை வைத்தார். இரண்டையும் பார்த்தார். டீச்சர் கரும்பலகையை அழிக்கும் சாக்கில் திரும்பி நின்றுகொண்டாள். யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இப்போது அவருக்கே தெரிந்தது. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும், எப்படிக் கருணை காட்டிப் பார்த்தாலும், தரையில் இருந்தது தப்பு.

* * *

வீட்டுக்கு வந்தபோது அக்கா ஒற்றைக்காலில் நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்குப் புரியலக்கா."

"என்னது?"

"வளைவு. எனக்கே இப்ப தெரியுது. ஆறு பொத்தான்ல அஞ்சு தப்பு." அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "புரிஞ்சிடுச்சுன்னு என்கிட்ட எதுக்குச் சொன்னான்னு தெரியல. நான் ஏதாவது கேலி பண்ணுவேன்னு நினைச்சாளோ என்னவோ."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "விடுடா. எல்லாத்தையும் எடுத்துடலாம்."

"எடுக்க வேணாம். அவ தப்பா வெச்சிட்டுப் போயிட்டா. நான் சரியா வெச்சிடறேன். ஒரு வீட்டுல ஒருத்தருக்குப் புரிஞ்சா போதும், ரெண்டு பேருக்கும் புரிஞ்ச மாதிரிதான்."

குனிந்தார். இத்தனை மாதமாகத் தாண்டித் தாண்டி நடந்த பொத்தான்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்தார். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

இடது கோடியிலிருந்து ஆரம்பித்தார். மைனஸ் மூன்று. இரண்டு தடவை கவிழ்த்தால் ஒன்பது, நாலு போனால் ஐந்து. ஜன்னலுக்குக் கீழே சிவப்புப் பொத்தான். மைனஸ் இரண்டுக்குப் பூஜ்யம், டேப்பின் மேலேயே மஞ்சள். அடுத்தது மூன்று டைல் கீழே. நடுவில் உள்ளது எல்லாவற்றுக்கும் கீழே, சமையலறை வாசற்படிக்குப் பக்கத்தில். அங்கே கோட்டுப் பொத்தானை வைத்து ஒரு நிமிஷம் அதன் மேல் விரலை வைத்திருந்தார். பிறகு வலப்பக்கம் ஏறினார். மூன்று டைல் கீழே ஒன்று. டேப்பின் மேல் ஒன்று.

கை காலியாகிவிட்டது. வலது கோடி பாக்கி இருந்தது.

"ஒரு பொத்தான் குறையுது" என்றார்.

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதில் விழுந்தது. குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். மூன்றாவது துளை வெறுமையாக இருந்தது. நாலாவது பொத்தானைப் பிடித்துத் திருகினார்.

"அதையும் பிய்ச்சுக்காதடா. முதல்ல அது எங்க வருதுன்னு பாரு" என்றாள் அக்கா.

பார்த்தார். டேப்பிலிருந்து வலப்பக்கம் மூன்று டைல். மேலே ஐந்து. நாலாவது டைலை எண்ணும்போதே தலை ஃப்ரிட்ஜில் இடித்தது.

"ஃப்ரிட்ஜுக்கு அடியில போகுது."

"அப்ப விட்டுடு. அந்த ஒண்ணு இல்லைன்னா என்ன?"

"ஒரு மூலைல டைல் போடாம விட்டுட்டு வர்றவனா நான்?"

ஃப்ரிட்ஜ் அவர்கள் குடித்தனம் ஆரம்பித்தபோது வாங்கியது. கனம் என்றால் யானைக்கனம். அதன் அடிக்கும் தரைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளிகூட இல்லை. மாடியிலிருந்து வக்கீலை அழைத்தார்கள். கட்டுப் போட்ட கட்டைவிரலோடு நொண்டியபடி வந்தவர், தரையைப் பார்த்ததும் நின்றார்.

"இது சரியா இருக்கே" என்றார். குரலில் லேசான ஏமாற்றம். வாதாட ஒன்றும் மிச்சமில்லை.

"பேசாம தள்ளுங்க."

தள்ளினார்கள். ஃப்ரிட்ஜ் முனகிக்கொண்டே நகர்ந்தது. அடியில் வருஷக்கணக்கான தூசி, மெத்தை மாதிரி. ரசமட்டம் முழங்காலில் உட்கார்ந்து எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று. தூசியின் நடுவில் ஒல்லியாக ஒரு பாதை போயிருந்தது, நீளமான எதையோ உள்ளே விட்டுத் தள்ளியது போல. ஒரு ஸ்கேல் அகலத்துக்கு. அதன் முடிவில், நாலு டைல்களும் சேரும் மூலையில், கொஞ்சமும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இல்லாமல் ஒரு சட்டைப் பொத்தான் இருந்தது. அதன் துளையில் அவர் சட்டை நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

ரசமட்டம் அதைத் தொடவில்லை. தரையில் கன்னத்தை வைத்து, அவள் பார்த்திருக்கக்கூடிய உயரத்திலிருந்து அதைப் பார்த்தார்.

வக்கீல் தொண்டையைக் கனைத்தார். "தானா உருண்டு வந்திருக்கவும் வாய்ப்பு..."

"என் தரையில எதுவும் தானா உருளாது" என்றார் ரசமட்டம், எழாமலே.

பிறகு எழுந்து உட்கார்ந்தார். ஒரு பக்கக் கன்னம் முழுக்கத் தூசி.

"கண்ணுக்கே தெரியாத இடத்துல இவ்வளவு சரியா வெச்சிருக்கா. இதை வெக்கணும்னா மத்தது அத்தனையும் தெரிஞ்சிருக்கணும்" என்றார். "அப்ப கண்ணுக்கு முன்னாடி இருந்த ஆறுல அஞ்சை எப்படிக்கா தப்பா வெச்சா?"

அக்கா கீழே உட்கார்ந்தாள். இத்தனை மாதத்தில் அந்தச் சமையலறையில் அவள் இரண்டு காலையும் தரையில் வைத்தது அப்போதுதான். முந்தானை நுனியை எடுத்து, தம்பியின் கன்னத்தைத் துடைத்துவிட ஆரம்பித்தாள்.

"அந்த ஆறையும் வெச்சது நான்டா. அன்னிக்கு வந்தவங்க யாராவது மிதிச்சு வழுக்கிடுவாங்கன்னு எல்லாத்தையும் கூட்டி அள்ளிட்டேன். நீ வந்து எங்கன்னு கேட்டதும், உன்னைக் குளிக்க அனுப்பிட்டு, கைக்கு வந்த மாதிரி பரப்பி வெச்சேன்" என்றாள். "ஃப்ரிட்ஜுக்கு அடியில மட்டும் துடைப்பம் போகல."